நல்ல பொருளில் போட்ட ஓட்டை

தண்ணீர் சுத்திகரிப்பு நிலையத்தில் அவளை எல்லோரும் ஃபியூஸக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். கைப்பையில் சீப்பு இருக்கிறதோ இல்லையோ, இரண்டு மூன்று ஃபியூஸ் கட்டாயம் இருக்கும். அதனால் வந்த பெயர். ஊர் முழுவதற்கும் குடிதண்ணீர் அனுப்பும் அந்த நிலையத்தில் கண்ட்ரோல் சிஸ்டத்துக்கு அவள்தான் பொறுப்பு. சிஸ்டம் என்றதும் பெரிதாக ஏதோ நினைத்துவிட வேண்டாம். ஆளுயர இரும்பு அலமாரி ஒன்று. கதவைத் திறந்தால் புத்தகம் அடுக்கியது போல வரிசையாகச் செருகிய கார்டுகள். எந்த வால்வு எப்போது திறக்க வேண்டும், தண்ணீரில் குளோரின் எவ்வளவு கலக்க வேண்டும் என்று முடிவு செய்வது அதுதான். அவள் கல்லூரிக்குள் காலெடுத்து வைப்பதற்கு முன்பே அதை அங்கே கொண்டுவந்து நிறுத்திவிட்டார்கள்.

அந்தக் கார்டுகளுக்கெல்லாம் மின்சாரம் கொடுப்பதற்கு இரண்டு பவர் சப்ளைகள். செங்கல் அளவு, சாம்பல் நிறம். ஒன்று போனால் இன்னொன்று தாங்கட்டும் என்று ஜோடியாக வைத்திருந்தார்கள். ஒரு திங்கட்கிழமை காலையில் அவள் கதவைத் திறந்தபோது வலது பக்கத்துப் பவர் சப்ளையில் பச்சை விளக்கைக் காணோம். மூக்கைக் கிட்டே கொண்டுபோனாள். கருகிய வாடை.

அதை ஏற்கெனவே ஒரு தடவை பிரித்து, உப்பிப்போன கெப்பாசிட்டர்களை மாற்றி உயிர்கொடுத்தவள்தான் அவள். இந்தத் தடவை பிரித்தால் உள்ளே டிரான்ஸ்ஃபார்மரே வெந்துபோயிருந்தது. போர்டு கரிப்பிடித்துக் கிடந்தது. அதில் இனி செய்ய ஒன்றுமில்லை. இடது பக்கத்தது மட்டும் தனியாளாகப் பாரம் சுமந்துகொண்டிருந்தது. அதற்கும் அதே வயது. தொட்டால் சுட்டது.

"கடையில கிடைக்கிற வேற பவர் சப்ளை எதையாவது மாட்டிவிடேம்மா" என்றார் மேலாளர்.

"மாட்டலாம் சார். ஆனா சிஸ்டம் கண்ணே தொறக்காது. அதோட கம்பெனி சரக்கு உள்ள உக்காந்து, நான் நல்லா இருக்கேன்னு ஒரு சிக்னல் அனுப்பினாத்தான் அது வேலையையே ஆரம்பிக்கும்."

"இப்ப இருக்கறதும் போயிட்டா?"

"வால்வெல்லாம் நின்ன இடத்துலயே நிக்கும். ஆளாளுக்கு ஒரு சக்கரத்தைப் பிடிச்சு கையால சுத்த வேண்டியதுதான். குளோரினை யார் கையால அளந்து ஊத்தறதுன்னு நீங்களே சொல்லுங்க."

மேலாளர் தலையைச் சொறிந்தார். தலையைச் சொறிந்தார் என்றால் பேச்சு முடிந்தது என்று அர்த்தம்.

அந்தச் சிஸ்டத்தைச் செய்த கம்பெனிக்கு அந்த வட்டாரத்தில் ஒரு பிரதிநிதி இருந்தார். நிலையத்தில் அவருக்கு வருத்தக்காரர் என்று பெயர். எதைக் கேட்டாலும் "வருத்தமா இருக்கு மேடம்" என்றுதான் ஆரம்பிப்பார். அவருக்குப் போன் போட்டாள்.

"வருத்தமா இருக்கு மேடம். அந்த மாடலோட ஆயுள் முடிஞ்சுபோச்சு. உலகத்துல எங்கயும் இல்ல. புது சிஸ்டத்துக்கு மாறிடுங்களேன்."

"புது சிஸ்டம் வர ரெண்டு வருஷம் ஆகும். அதுவரைக்கும் ஊரு தண்ணி குடிக்க வேணாமா? எனக்கு வேண்டியது ஒரே ஒரு பவர் சப்ளை."

"உங்க நிலைமை புரியுது மேடம். ரொம்ப வருத்தமா இருக்கு."

புரிகிறது என்று சொல்லிவிட்டுப் போனை வைத்துவிடுகிறவர்களைக் கண்டால் அவளுக்கு ஆகாது. புரியவில்லை என்று சொல்லியிருந்தாலாவது இன்னொரு தடவை விளக்கியிருப்பாள்.

பழைய சாமான் விற்கும் கடைகளை வலைத்தளத்தில் சல்லடை போட்டுச் சலித்தாள். "புத்தம் புதுசு, பெட்டி பிரிக்காதது" என்று ஒருவன் அனுப்பிய பெட்டியைப் பிரித்தால், மேலே பளபளவென்று புது லேபிள். உள்ளே போர்டுக்கடியில் காய்ந்த சேறு. ஏதோ வெள்ளத்தில் மூழ்கிய ஆலையிலிருந்து அள்ளி, கழுவி, காயவைத்து, முகத்துக்கு மட்டும் பவுடர் பூசி அனுப்பியிருந்தான். அவனுக்குப் போன் செய்து அவள் பேசிய பேச்சைக் கேட்டு, பக்கத்து அறையிலிருந்த டைப்பிஸ்ட் அம்மாள் எழுந்துவந்து கதவைச் சாத்திவிட்டுப் போனார்.

அன்று சாப்பிடும்போது கணவர் மெதுவாகச் சொன்னார். "பேப்பர் மில்லுல பழைய கண்ட்ரோலையெல்லாம் கழட்டிட்டுப் புதுசு போடறாங்களாம். அங்கயும் உங்க மாடல்தானே?"

"யார் சொன்னது?"

"யார் சொல்லுவா. என் தங்கச்சிதான்."

அவள் கை தட்டிலேயே நின்றது. கணவரின் தங்கை அந்தப் பேப்பர் மில்லில் ஸ்டோர்ஸ் பொறுப்பாளர். நாத்தனாரோடு அவள் பேசி ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. மாமியாரை ஆஸ்பத்திரியில் சேர்த்த அன்று, நிலையத்தில் ஒரு மோட்டார் நின்றுபோனதால் இவள் பொழுது சாய்ந்துதான் வந்து சேர்ந்தாள். வாசலில் கூடியிருந்த சொந்தக்காரர்கள் காதில் விழும்படி நாத்தனார் சொன்னாள்: "அண்ணிக்கு மெஷின்தான் மாமியார். அதுக்குக் காய்ச்சல்னாத்தான் ஓடுவாங்க." எல்லோரும் சிரித்தார்கள். கட்டிலில் படுத்திருந்த மாமியாரும் சிரித்ததுதான் இவளுக்குத் தாங்கவில்லை.

"நீங்களே கேளுங்க" என்றாள்.

"எனக்கு அது பேரே வாயில நுழையல. செங்கல்லு மாதிரி சாம்பல் கலர்ல ஒண்ணுன்னா அவ சிரிப்பா. நீயே பேசு."

மறுநாள் மதியம், வேறு வழியில்லாமல் பேசினாள். குரலைக் கேட்டதுமே நாத்தனாருக்கு ஆள் தெரிந்துவிட்டது.

"அண்ணியா? எந்த மெஷினுக்கு உடம்பு சரியில்ல?"

பல்லைக் கடித்துக்கொண்டு விஷயத்தைச் சொன்னாள். மாடல் நம்பரைச் சொன்னதும் நாத்தனாரின் குரலில் இருந்த கேலி கழன்றுவிட்டது. வேலைக்காரக் குரல் வந்தது.

"ஓடிட்டிருந்த பழைய அலமாரி வரிசையா யார்டுல நிக்குது அண்ணி. அதுல எவ்வளவு வேணும்னாலும் இருக்கும். என் ஸ்டோர்ஸ்லயும் பெட்டி பிரிக்காம நாலு வெச்சிருக்கேன். உங்க மேலாளரை எங்க மேலாளர்கிட்ட ஒரு வார்த்தை பேசச் சொல்லுங்க. வியாழக்கிழமை வண்டி எடுத்துட்டு வாங்க."

மேலாளர்கள் பேசினார்கள். "அதுக்கென்ன, தாராளமா எடுத்துக்கட்டும்" என்று மில் மேலாளர் சொல்லிவிட்டார். வியாழக்கிழமை நிலையத்து ஜீப்பில், பவர் சப்ளைகளைச் சுற்றி எடுத்துவரப் பழைய போர்வைகள் இரண்டை மடித்து வைத்துக்கொண்டு அவள் கிளம்பினாள். பல நாளைக்குப் பிறகு மனசு லேசாக இருந்தது.

மில்லின் பின்பக்க யார்டில் ஜீப் நின்றபோதே டிரில்லிங் மெஷின் சத்தம் கேட்டது. ஏதோ கட்டட வேலை என்று நினைத்தாள். இறங்கி நாலடி நடந்த பிறகுதான் கண்ணில் பட்டது.

தார்ப்பாய் விரித்து அதன்மேல் பலகை போட்டு இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவன் அலமாரியிலிருந்து கழற்றிய சாம்பல் நிறச் செங்கலைப் பலகையில் வைத்து அழுத்திப் பிடிக்க, இன்னொருவன் அதன் நடு வயிற்றில் டிரில்லை வைத்து இறக்கினான். மறுபக்கம் முனை வெளியே வந்ததும் அதைத் தூக்கி ஒரு குவியலில் போட்டான். அடுத்ததை எடுத்தான். குவியல் இடுப்புயரம் வந்திருந்தது. பவர் சப்ளை மட்டுமில்லை. கார்டுகள், பிராசஸர்கள் எல்லாவற்றிலும் ஓட்டை.

கொட்டகை நிழலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, போனில் குவியலைப் படம் எடுத்துக்கொண்டிருந்தார் வருத்தக்காரர்.

"நிறுத்துங்க" என்றாள். டிரில் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை. அவள் நேரே போய்ப் பிளக்கைப் பிடுங்கினாள். யார்டு திடீரென்று அமைதியானது. இரண்டு பேரும் அவளைப் பார்த்துவிட்டு அவரைப் பார்த்தார்கள்.

வருத்தக்காரர் எழுந்துவந்தார். "மேடம், நீங்க இங்க..."

"என்ன பண்றீங்க?"

"வருத்தமா இருக்கு மேடம், ஒப்பந்தத்துல இருக்கறதுதான். புது சிஸ்டம் எடுக்கறவங்களுக்கு விலை குறைச்சுத் தர்றோம். பதிலுக்குப் பழசை எங்ககிட்ட ஒப்படைக்கணும். நாங்க அதை முறைப்படி அழிச்சுடுவோம்."

"இது போன வாரம் வரைக்கும் ஓடிட்டிருந்த பொருள்."

"ஆமா மேடம்."

"உலகத்துலயே இல்லன்னு சொன்னீங்களே என்கிட்ட."

அவர் கொஞ்சம்கூட முகம் மாறாமல் சொன்னார். "விற்பனைக்கு இல்லன்னு சொன்னேன் மேடம்."

திருடியிருந்தால்கூட அவளுக்கு இவ்வளவு ஆத்திரம் வந்திருக்காது. திருடினவன் பொருளை எங்கேயாவது உபயோகிப்பான். இங்கே ஒருவர் வெயில் படாமல் உட்கார்ந்து, நல்லதையெல்லாம் ஒன்றுவிடாமல் பார்த்துப் பார்த்துக் கெடுத்துக்கொண்டிருந்தார். கெடுத்ததற்குச் சாட்சியாகப் போட்டோ வேறு.

"எதுக்கு ஓட்டை போடறீங்க? காரணத்தைச் சொல்லுங்க, கேக்கறேன்."

"பழைய பொருள் வெளிய போய் எங்கயாவது கெட்டுப்போனா கம்பெனி பேர்தானே கெடும்? பாதுகாப்பு விஷயம் மேடம்."

"பாதுகாப்பைப் பத்தி நீங்க பேசாதீங்க. ஒரு ஊரோட தண்ணி ஒத்தப் பவர் சப்ளையில தொங்கிட்டிருக்கு. இதைக் குடுத்தா எங்களுக்குப் பாதுகாப்பு. இல்லன்னா புதுசு வாங்குவோம், உங்களுக்கு வியாபாரம். அதைச் சொல்ல வேண்டியதுதானே நேரா? வருத்தம் வருத்தம்னு எதுக்கு வாய் வலிக்கப் பேசறீங்க?"

டிரில் வைத்திருந்தவன் குனிந்து பலகையில் கிடந்த இரும்புத் துகளை ஊதினான். சிரிப்பை அடக்குகிறான் என்று தெரிந்தது.

"உங்களுக்கு ஒண்ணு தரலாம்னா எனக்கே ஆசைதான்" என்றார் வருத்தக்காரர். "ஆனா நான் ஒவ்வொண்ணா எண்ணி மேலிடத்துக்குக் கணக்கு ஒப்படைக்கணும். ஒண்ணு குறைஞ்சாலும் என் வேலை போயிடும்."

அதற்குள் ஸ்டோர்ஸ் பக்கமிருந்து நாத்தனார் வேகமாக வந்தாள். கையில் சாவிக்கொத்து. முகம் சிவந்திருந்தது.

"அண்ணி, நல்ல வேளை வந்தீங்க. இவங்க ஆளு என் ஸ்டோர்ஸுக்கு வந்து, பிரிக்காத பெட்டியையும் குடுன்னு நிக்கறான். நான் சாவி தரல. என் தலைமேல ஏறி நின்னாலும் தரமாட்டேன்னு சொல்லிட்டேன்."

"மேடம், பழைய மாடல் எல்லாம்னு ஒப்பந்தத்துல இருக்கு" என்றார் வருத்தக்காரர்.

"ஓடற சிஸ்டத்தைக் கழட்டிக் குடுக்கறதுன்னுதான் இருக்கு. நானும் படிச்சேன். என் ஸ்டோர்ஸ்ல இருக்கறது எந்தச் சிஸ்டத்துலயும் ஓடல. பெட்டியில தூங்கிட்டிருக்கு. அது மில்லோட சொத்து. வாங்க, எங்க மேலாளர்கிட்டயே கேட்போம்."

மூன்று பேரும் மேலாளர் அறைக்குப் போனார்கள். மில் மேலாளர் யாரிடமும் இல்லை என்று சொல்லிப் பழகாத மனிதர். அதனாலேயே எல்லோரிடமும் மாட்டிக்கொள்வார். ஃபியூஸக்காவுக்குத் தருவதாகச் சொன்னதும் நிஜம், கம்பெனிக்குக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்ததும் நிஜம். இரண்டும் ஒரே பொருள் என்று அவருக்குத் தோன்றவே இல்லை.

"புது சிஸ்டத்துக்கான உத்தரவாதத்தை மேலிடம் மறுபடி யோசிக்க வேண்டியிருக்கும்" என்று வருத்தக்காரர் தணிந்த குரலில் ஆரம்பித்தார். மேலாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார்.

ஃபியூஸக்கா குறுக்கே பேசினாள். "சார், உங்க மில்லுக்கு எங்கிருந்து தண்ணி வருது?"

"உங்ககிட்ட இருந்துதான்."

"பேப்பர் கூழ் கரைக்கத் தண்ணி எவ்வளவு வேணும்னு உங்களுக்குத் தெரியும். எங்க சிஸ்டம் நின்னா, இவரு போட்ட புது சிஸ்டம் ஜம்முனு ஓடும். ஆனா ஓட்டறதுக்கு உள்ள ஒண்ணும் இருக்காது. உத்தரவாதத்தை வெச்சு அன்னிக்குப் பேப்பர் பண்ணிக்குங்க."

மேலாளர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். ஊர்த் தண்ணீரைப் பற்றி இவ்வளவு நேரம் பேசியும் அசையாதவர், மில் நிற்கும் என்றதும் நிமிர்ந்தது அவளுக்கு இன்னும் கசந்தது. ஆனால் பொருள் கைக்கு வந்தால் போதும் என்று வாயை மூடிக்கொண்டாள்.

"ஸ்டோர்ஸ்ல இருக்கற நாலும் எங்களோடது" என்றார் அவர் வருத்தக்காரரைப் பார்க்காமலே. "அதை அவங்களுக்குக் குடுத்துடும்மா. யார்டுல இருக்கறதுக்கு நான் ஒண்ணும் சொல்ல முடியாது."

நாலு பெட்டிகளையும் போர்வையில் சுற்றி ஜீப்பில் ஏற்றினார்கள். ஏற்றிக்கொண்டிருக்கும்போதே யார்டில் டிரில் மறுபடி ஆரம்பித்தது. ஒவ்வொரு தடவை அந்தச் சத்தம் உச்சத்துக்குப் போய் இறங்கும்போதும் அவள் தோள் தானாகக் குறுகியது.

"பாக்காதீங்க அண்ணி. கிளம்புங்க" என்றாள் நாத்தனார்.

"நீ இன்னிக்கு நிக்கலன்னா இதுவும் போயிருக்கும்."

"நீங்க பெரிசா நினைச்சுக்காதீங்க. அன்னிக்கு ஆஸ்பத்திரியில நான் சொன்னது சொன்னதுதான். அதுல மாத்தமில்ல. என் ஸ்டோர்ஸ்ல கை வெச்சா எனக்குப் பிடிக்காது, அதான்." கொஞ்சம் நிறுத்திவிட்டு, "அம்மாவைப் பாக்க ஞாயித்துக்கிழமை வர்றேன். வீட்ல இருப்பீங்கல்ல?" என்றாள்.

"மெஷினுக்குக் காய்ச்சல் இல்லன்னா இருப்பேன்."

நாத்தனார் சிரித்துவிட்டாள்.

பல வருஷம் பெட்டியில் கிடந்த பவர் சப்ளைக்கு ஒரேயடியாக முழு மின்சாரம் கொடுத்தால் வெடித்துவிடும். அவள் ஒவ்வொன்றையும் மேஜையில் வைத்து, கொஞ்சம் கொஞ்சமாக மின்சாரத்தை ஏற்றி, பாரம் கொடுத்துப் பார்த்தாள். நாலும் தேறின. ஒன்றை வலது பக்கத்தில் செருகினாள். பச்சை விளக்கு எரிந்தது. ஆபரேட்டர்கள் கைதட்டினார்கள். மேலாளர் எல்லோருக்கும் டீ சொன்னார். இடது பக்கத்தையும் மாற்றினாள். மீதி இரண்டைத் தன் அறை அலமாரியில் வைத்துப் பூட்டினாள்.

அடுத்த மாதமே வருத்தக்காரர் புது சிஸ்டத்துக்கான ஒப்பந்தத்தோடு நிலையத்துக்கு வந்துவிட்டார். யார்டில் நடந்தது எதுவும் நடக்காதது போல வணக்கம் சொன்னார். மேலாளர் பேனாவைத் திறந்துவிட்டார். ஃபியூஸக்கா காகிதத்தை வாங்கி அந்த ஷரத்து எங்கே என்று தேடினாள். இருந்தது. பழைய சிஸ்டத்தை முழுமையாக ஒப்படைக்க வேண்டும்; ஸ்டோர்ஸில் உள்ள உதிரிகள் உட்பட. மில்லில் பட்டதற்குப் பிறகு அந்தக் கடைசி நாலு வார்த்தைகளைப் புதிதாகச் சேர்த்திருந்தார்கள்.

"இதை அடிச்சாத்தான் நான் சம்மதிப்பேன் சார்."

"நமக்கு எதுக்கும்மா பழைய இரும்பு?"

"நமக்கு இல்ல சார். இதே மாடலை வெச்சுக்கிட்டு எத்தனையோ எடம் தவிக்குது. கீழூர் பம்ப் ஹவுஸ்ல இருந்து நேத்துக்கூட ஒருத்தர் போன் பண்ணி என்கிட்ட கேட்டாரு. நான் அலைஞ்ச மாதிரி அவங்களும் அலையணுமா?"

"மேடம் கொஞ்சம் உணர்ச்சிவசப்படறாங்க" என்றார் வருத்தக்காரர் மேலாளரைப் பார்த்து, இரண்டு ஆண்கள் தங்களுக்குள் பேசிக்கொள்கிற சிரிப்போடு.

"ஆமா, படறேன்" என்றாள் அவள். "நல்லா ஓடற பொருள் வயித்துல ஓட்டை போடறதைப் பாத்துட்டு உணர்ச்சி வராம இருக்கறதுக்கு நான் என்ன உங்க கம்பெனியிலயா சம்பளம் வாங்கறேன்?"

மேலாளர் பேனாவை மூடினார். அவர் யாரோடும் சண்டைக்குப் போகிறவரில்லை. "கிடக்கட்டும், அடுத்த மாசம் பாக்கலாம்" என்றார். எத்தனையோ நல்ல விஷயங்களை அதே வார்த்தை சொல்லி அவர் ஊறப்போட்டதுண்டு. முதல் தடவையாக அந்த வார்த்தை அவளுக்குக் காதில் இனித்தது.

அதற்குப் பிறகு ஒரு நாள் காலை, வருத்தக்காரர் போன் செய்தார். குரலில் அவசரம்.

"மேடம், உங்ககிட்ட உபரியா ரெண்டு இருக்குன்னு கேள்விப்பட்டேன். எங்க வாடிக்கையாளர் ஒருத்தருக்கு உடனே ஒண்ணு வேணும். எங்க கிடங்கு எதுலயும் இல்ல."

பெட்டிகளைப் பூட்டி வைத்திருந்த அலமாரியை அவள் திரும்பிப் பார்த்தாள்.

"யார்டுல இடுப்பு வரைக்கும் குமிஞ்சு கிடந்துச்சே, அதுல ஒண்ணை எடுத்துக் குடுங்களேன். நடுவுல காத்தோட்டமா வேற இருக்கும்."

"மேடம், பெரிய ஆஸ்பத்திரி. ஆபரேஷன் கருவியெல்லாம் நீராவியில கழுவற பாய்லரோட கண்ட்ரோல். ரெண்டு நாளா ஆபரேஷனைத் தள்ளிப் போட்டுட்டிருக்காங்க."

அதுதான் அவளை இன்னும் கொதிக்கவைத்தது. மாட்டேன் என்று சொல்லவும் முடியாது. ஷரத்தை அடித்துக் கொடு, அப்புறம் தருகிறேன் என்று பேரம் பேசவும் மனசு வராது. ஆபரேஷனுக்குக் காத்துக் கிடக்கிறவர்களை நடுவில் வைத்து அவள் எப்படிப் பேரம் பேசுவாள்? அது அந்த ஆளுக்கும் தெரியும். தெரிந்துதான் கூப்பிட்டிருந்தார்.

"உங்க கையில தரமாட்டேன்" என்றாள். "நானே கொண்டுபோய் மாட்டறேன். மாட்டினதுக்கப்புறம் அது ஆஸ்பத்திரியோட பொருள். என்னிக்காவது அங்கயும் டிரில் எடுத்துட்டுப் போனீங்கன்னு கேள்விப்பட்டேன்னா, நீங்க எங்க நிலையத்து கேட்டைத் தாண்ட முடியாது. இதை எழுதிக்குங்க, மேல ஒப்படைங்க."

"சரி மேடம்" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

மேலாளரிடம் சொல்லிவிட்டு ஒரு பெட்டியை எடுத்துக்கொண்டு போனாள். ஆஸ்பத்திரியின் பாய்லர் அறை அடித்தளத்தில் இருந்தது. அங்கிருந்த டெக்னீஷியன் பெண்மணிக்கு ரெண்டு நாள் தூக்கமில்லாத முகம். இருவரும் சேர்ந்து பழையதைக் கழற்றிப் புதியதைச் செருகினார்கள். பச்சை விளக்கு வந்ததும் அந்தப் பெண்மணி சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். "இது எங்க கிடைச்சுதுக்கா உங்களுக்கு?" என்று கேட்டாள். ஃபியூஸக்கா சொல்லச் சொல்ல, மூடிய கண் திறந்து, முகம் கடுத்துக்கொண்டே வந்தது. "எங்க ஒப்பந்தத்துலயும் அப்படி எழுதியிருக்கானான்னு இன்னிக்கே பாக்கறேன்" என்றாள்.

வீட்டுக்கு வந்தபோது நாத்தனார் மாமியாருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தாள். காலையில் வந்த போனைப் பற்றிக் கணவர் அவளிடம் ஏற்கெனவே சொல்லியிருந்தார்.

"குடுத்துட்டீங்களா?" என்றாள்.

"குடுத்துட்டேன்."

"குடுக்காம இருந்திருந்தா மறுபடி பேச்சை நிறுத்தியிருப்பேன். ஆனா அவனை நாலு வார்த்தை கேட்டீங்கல்ல?"

"கேட்டேன். போதல" என்றாள் அவள். செருப்பைக் கழற்றிவிட்டு, கை கழுவக்கூடப் போகாமல், ஆஸ்பத்திரியில் நடந்ததை முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தாள். மாமியார் வானொலிச் சத்தத்தைக் குறைத்துவிட்டு, இன்னும் கொஞ்சம் கிட்டே நகர்ந்து உட்கார்ந்தார்.